சிவப்பு டிரெஸ்

அடையாறில் எங்கள் கல்லூரி நடத்திய மல்யுத்தப் போட்டியில் அந்தப் பெண்ணைச் சந்தித்தேன். பார்த்ததும் மணிப்பூர்க்காரி என்று எவரும் சொல்லிவிடும் முகம். பல பிடிகளில் நசுங்கி உப்பிப்போன இடது காது. ஒவ்வொரு முறை மல்யுத்த விரிப்பில் ஏறும் முன்னும் ஷூவின் அடிப்பாகத்தை ஈரத்துண்டால் துடைத்துக்கொள்வாள்.

தரமணிக் கல்லூரி ஒன்றுக்காக வந்திருந்தாள். அந்தக் கல்லூரி மாணவர்களே "சைனா, சைனா" என்று கத்தினார்கள். உற்சாகப்படுத்துகிறார்களாம். கடைசிப் போட்டியில் அவள் ஜெயித்தபோது அரங்கமே அப்படிக் கத்தியது.

அன்று மைக் பிடித்தவன் நான். முடிந்ததும் அவளிடம் போய், பிரியத்தில்தான் கத்துகிறார்கள் என்று ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னேன்.

"தமிழ்லயே சொல்லுங்க சார். நான் பொறந்ததே சைதாப்பேட்டைலதான்" என்றாள். துண்டை மடித்துக்கொண்டே, "அவங்களுக்கு என் பேரு தெரியாது. என்கூட மோதினவ பேரைக்கூட மைக்ல சொன்னீங்க. என்னை மட்டும் காலைலேர்ந்து சிவப்பு டிரெஸ்னு சொல்லிக்கினு இருந்தீங்க. பேரு எழுதின பேப்பரு கைலயேதான கீது?" என்றாள்.

கையில்தான் இருந்தது. தப்பாக உச்சரித்து அவளைப் புண்படுத்திவிடக் கூடாது என்றுதான் பெயரைத் தவிர்த்தேன். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் அந்தக் காகிதத்தைப் பிரித்து, அவள் பெயரை மெல்லச் சொல்லிப் பார்த்தேன். மூன்றே எழுத்து. முதல் தடவையே தடுமாறாமல் வந்தது.