தகரக் கொட்டகையில் சால்வை மரியாதை

எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வின் அலுவலகத்தில் ஒரே ஒரு குறை. அங்கே குளிரும். வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு நிழல், குடிதண்ணீர், நடுவில் ஓய்வு, இதையெல்லாம் உரிமையாக்கி மாநிலச் சட்டம் வேண்டும் என்று மனு கொடுக்கப் போவோம். உள்ளே நுழைந்த கொஞ்ச நேரத்தில் எனக்கே வெயில் மறந்துவிடும். அவரும் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டே "பார்க்கலாம்" என்பார். அந்த அறையில் உட்கார்ந்து கேட்டால் வெயில் என்பது யாரோ வெளிநாட்டுக்காரர் வீட்டுப் பிரச்சினை மாதிரிதான் தெரியும்.

நாங்கள் என்றால் பெரிய படை இல்லை. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டி ஓய்ந்தவன். சட்டம் படித்ததெல்லாம் பஜ்ஜி மடித்து வந்த பேப்பரில். மனு எழுதுவது பாரிவாக்கம் அடுக்குமாடியில் குடியிருக்கும் தூத்துக்குடித் தம்பி. கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. மூன்றாவது ஆள் அக்கா. செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கில் பெட்டி கட்டுகிறவர். என்னைவிட இளையவர்தான், ஊரே அக்கா என்பதால் எனக்கும் அக்கா.

போன கோடையில் அந்தக் கிடங்கில் அவர் மயங்கி விழுந்தார். அதை அவர் வாயால் கேட்க வேண்டும்.

"கண்ண தொறந்து பாத்தா சூப்பர்வைசர் தண்ணி பாட்டிலோட நிக்கிறான். ஊத்த மாட்டேன்றான். மொதல்ல பெட்டிங்கள நவுத்துறானுங்கோ. அட்ட நனஞ்சிடுமாம். நான் பாட்டுக்கு கருவாடாட்டம் காஞ்சிகினு கீறேன்."

எம்.எல்.ஏ.வை உச்சி வெயிலுக்கே அழைத்துவிடலாம் என்பதும் அவர் யோசனைதான். கிடங்குக்கு எதிரே வண்டி நிறுத்தும் தகரக் கொட்டகை இருக்கிறது, அங்கே தானே பேசுவதாகச் சொன்னார்.

"பேசினா வேலை போயிடும்மா" என்றேன்.

"போவட்டும் அண்ணாத்தே. ஆனா ஒரு தபா தான் போவும். அத்தொட்டு அந்தாளு காதுல நல்லா வுழறாமாரி பேச வுடுங்கோ."

தம்பி நிகழ்ச்சி நிரல் போட்டார். வரவேற்பு, அக்கா பேச்சு, மனு, அவ்வளவுதான். ஃபேன் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். பந்தல்காரர் கோபித்துக்கொண்டார். ஃபேன் இல்லாத மேடை போட்டால் தொழிலில் தன் மானம் போய்விடுமாம். எல்லாவற்றையும் யோசித்த நாங்கள் சால்வையை மட்டும் யோசிக்கவில்லை.

எம்.எல்.ஏ. வந்து உட்கார்ந்ததும் டீக்கடைக்காரர் ஒன்றைப் போர்த்தினார். ஆட்டோ ஸ்டாண்டு சும்மா இருக்குமா? அடுக்குமாடிச் சங்கத்துத் தலைவர், செயலாளர், அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லாததால் தனித்தனியாக. கடைசியில் பார்த்தால், அந்தக் கிடங்குச் சூப்பர்வைசரே பச்சைச் சால்வையோடு வரிசையில் நிற்கிறார். எம்.எல்.ஏ. வரும் இடத்தில் சால்வை போட்டு ஃபோட்டோ எடுக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது போல. இது எதற்காகக் கூட்டிய கூட்டம் என்று கூட அவர் விசாரிக்கவில்லை.

வழக்கமாக ஒவ்வொரு சால்வையையும் உதவியாளர் உடனே உருவி எடுத்துவிடுவார். அன்றைக்கு அவர் கார் நிழலில் நின்று ஃபோனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். தானே கழற்றினால் மரியாதை இல்லை என்று எம்.எல்.ஏ. பொறுத்துக்கொண்டார். மேலே தகரம், உள்ளே ஜரிகை. பச்சைச் சாயம் அவருடைய வெள்ளைச் சட்டைக் காலரில் இறங்கத் தொடங்கியது. முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தபோது எழுந்து, யாரிடமும் சொல்லாமல் காருக்குப் போய்விட்டார். ஏசி உறுமியது.

"முடிஞ்சுது அண்ணாச்சி, கிளம்பிருவாவ" என்று தம்பி தலையில் கை வைத்தார். அக்கா இன்னும் வாயே திறக்கவில்லை. ஆனால் அவர் பேச வந்திருப்பது கிடங்குக்கே தெரிந்துவிட்டது. வேலையும் போய், பேச்சும் போய்விடும் போலிருந்தது.

அக்கா நேரே போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினார். கதவு திறந்தது. "உள்ள வந்து உக்காந்து சொல்லும்மா" என்றார் எம்.எல்.ஏ. அக்கா ஏறினார். கதவு மூடியது. நாங்கள் கறுப்புக் கண்ணாடியில் எங்கள் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு நின்றோம். சற்று நேரத்தில் அக்கா இறங்கிவிட்டார்.

"இன்னா சார் இது, குளுகுளுன்னு கீது. இங்க குந்திகினு சொன்னா நான் சொல்றது எனக்கே பொய்யாட்டம் தெரியுது. கொஞ்சம் எறங்குங்கோ சார்."

அவர் இறங்கினார். சால்வைகளைச் சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்கினார். அக்கா மயங்கியதையும் பெட்டி நகர்ந்ததையும் சொன்னார். பிறகு, தான் போட்டிருந்த மினுமினுக்கும் பாதுகாப்புச் சட்டையை இழுத்துக் காட்டினார்.

"எங்களுக்கும் டெய்லி சால்வ போடுவாங்கோ சார். நீங்க கழட்டிட்டீங்கோ. நாங்க கழட்டுனா சம்பளத்துல புடிப்பாங்கோ."

எம்.எல்.ஏ. கழுத்தைத் தடவினார். விரலில் பச்சை ஒட்டியது. "கூட்டத்தொடர்ல பேசறேன்" என்றார். "பார்க்கலாம்" என்று சொல்லவில்லை. எங்களுக்கு அதுவே பண்டிகை.

மறுநாள் காலை கிடங்குக்கு எதிர் டீக்கடையில் நின்றேன். கேட்டில் சூப்பர்வைசர் அக்காவை நிறுத்தினார். போச்சு என்று நினைத்தேன். அவரோ ஃபோனை நீட்டி ஏதோ கேட்டார். அக்கா தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் விவரம் தெரிந்தது. சூப்பர்வைசர் எம்.எல்.ஏ.வுக்குச் சால்வை போடும் படம் முதலாளி வரைக்கும் போய்ப் பாராட்டு வந்திருந்ததாம். படத்தில் அவருக்குப் பின்னாலேயே அக்கா பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அக்காவை வேலையை விட்டு நிறுத்தினால், முதலாளி பாராட்டிய அந்தப் படத்தை என்ன செய்வது? காலையில் கேட்டில் அவர் கேட்டது, இன்னும் தெளிவான காப்பி இருக்கிறதா என்று.

எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் பேசினார், சுருக்கமாக. சட்டம் இன்னும் வரவில்லை. தம்பி புது மனு தட்டிக்கொண்டிருக்கிறார். அக்காவிடம் அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டேன்.

"மினிஸ்டர கூப்டு அண்ணாத்தே" என்றார். "சால்வைக்கு நான் சொல்லிக்கிறேன்."