ஆறு மணி என்று சொன்னேன்

எங்கள் தீவுக்கு இரண்டு டீசல் மெசின்களிலிருந்துதான் மின்சாரம். அந்த மார்கழியில் ஒன்று பழுதாகிவிட்டது. மற்றதால் இரவுச் சுமையைத் தாங்க முடியாது. அதனால் தினமும் சில மணிநேரம் தீவின் ஒரு பாதிக்கு மின்சாரத்தை நிறுத்துவோம். எப்போது நிறுத்துவோம் என்பதை மின்நிலையத்தில் யாரும் வெளியே சொல்வதில்லை. சொன்னால் அதற்கு முன்னர் எல்லோரும் தொட்டியை நிரப்ப ஒன்றாகக் கிணற்று மோட்டரைப் போடுவார்கள்; மெசின் தாங்காது. குடும்பத்தில் முதலாவதாகப் படித்து, அங்கே இஞ்சினியர் கதிரையில் உட்கார வந்தவள் நான். எனக்கு அது தெரியாததல்ல.

ஆனாலும் அம்மா கேட்டபோது சொன்னேன்.

என் முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு மின்சாரத்தில் குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தேன். அதில் முட்டைகள் வைத்து அன்று இருபதாம் நாள்; அடுத்த நாள் பொரிக்க வேண்டும்.

"தீவனம் வாங்க யாழ்ப்பாணம் போகோணும். இண்டைக்கு எப்ப நிப்பாட்டுவியள் பிள்ளை?"

"ஆறு மணிக்குத்தான். அதுக்குள்ள வந்து பெட்டி ஆறாமல் சுடுதண்ணிப் போத்தலை வையுங்கோ."

இறங்குதுறையில் அயல்வீட்டு அக்கா அம்மாவைச் சீண்டியிருக்கிறார். "என்னணை, உங்கட இஞ்சினியருக்கும் ஒண்டும் தெரியாதாமோ?"

"ஏன் தெரியாது? என்ரை பிள்ளைதானே நிப்பாட்டுறவள். ஆறு மணிக்கு."

அம்மா படகேறிவிட்டார். மதியத்துக்குள் அந்தப் பேச்சு, ஆறு மணிக்குப் போனால் மூன்று நாளைக்கு வராதாம் என்று வளர்ந்துவிட்டது.

ஊரே மோட்டரைப் போட, பன்னிரண்டரைக்கு மின்னழுத்தம் காட்டும் முள் இறங்கத் தொடங்கியது. அழுத்தம் குறைந்தால் மோட்டர் சும்மா இருக்காது. இன்னும் கூடுதலாக மின்னோட்டத்தை இழுக்கும். அது இழுக்க அழுத்தம் மேலும் விழும். ஒரு எல்லை தாண்டினால் முழுத் தீவும் போய்விடும். கிழக்குப் பாதியில் ஆஸ்பத்திரியும் தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியும். மேற்கில் எங்கள் வீடு.

"தங்கச்சி, மேற்கை எடும். யோசிக்க நேரமில்லை," என்றார் கூட வேலைசெய்யும் அண்ணை.

மேற்குக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தினேன். முள் ஏறி நின்றது. அது சரியான முடிவு. இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

இரண்டு தரம் திருப்பிக் கொடுத்துப் பார்த்தோம். அணைக்காமல் விட்ட மோட்டர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பி முள்ளை மறுபடி கீழே இழுத்தன. வீடு பூட்டிக் கிடந்தது. அப்பா கடலில். என்னால் கதிரையை விட்டு எழும்ப முடியவில்லை. வெளியே வாடைக்காற்று ஊளையிட்டது. பெட்டி ஆறிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஐந்தரைக்கு அம்மா தீவனப் பையுடன் வந்து இறங்கினார்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, குசினிக்குப் பின்னால் குந்தியிருந்து ஒவ்வொரு முட்டையாக உடைத்தார். உள்ளே இறகு முளைத்துச் செத்துப்போன குஞ்சுகள். ஒன்று ஓட்டில் ஒரு சிறு துளை போட்டிருந்தது.

"நான் சொன்னதாலையோ பிள்ளை?"

"இல்லையம்மா. மெசின் பழுதுதானே."

அம்மா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. துளை விழுந்த முட்டையை மட்டும் உடைக்காமல் மண்ணில் புதைத்தார்.

அடுத்த நாள் காலை வேலிக்கு மேலால் அந்த அக்காவின் குரல் கேட்டது. "மகள் என்னவாம், இண்டைக்கு எத்தனை மணிக்காம்?"

நான் உள்ளே தேத்தண்ணியுடன் நின்றேன். அவிழ்க்காத தீவனப் பை கதவடியில் கிடந்தது.

"எனக்கென்ன தெரியும்," என்றார் அம்மா. "நான் என்ன, படிச்சனானே?"