‘ஆஸ் எ ரிசல்ட்’ எழுதிய அக்கா

படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவள் நான். ஒருவரைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று கேட்காதீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில், பகாவ் பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டத்துக்குக் களைக்கொல்லி அடிக்க வந்தவர் அந்த அக்கா. ஒல்லியான உடம்பு, கறையேறிய நகங்கள், தலையில் ஆண்கள் தொப்பி. மகளின் பாடப் புத்தகத்தில், ஆங்கில வாக்கியங்களை இணைக்கும் சொற்களைத் தேடித் தேடிப் படிப்பார். சாப்பாட்டு நேரத்தில், “கருவாடு தீஞ்சிருச்சு. ஹவ்எவர், பசிக்குது லா” என்பார். அவரோடு மருந்து அடிக்கும் நாங்கள் ஏழு பேரும் சிரிப்போம்.

கையுறை கேட்டு மேனேஜருக்கு அவரே ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். வெறுங்கையால் மருந்து அடித்தோம், ‘ஆஸ் எ ரிசல்ட்’, அதாவது அதன் விளைவாக, கையெல்லாம் புண் என்று எழுதியிருந்தார். அதை வாங்கிப் படித்த கிராணி, அதாவது தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா, அந்தச் சொல்லை அடிக்கப் பேனாவை எடுத்தார்.

“மருந்து அடிச்சது இருக்கட்டும், புண்ணும் இருக்கட்டும். நடுவுல இது எதுக்குமா? மேனேஜர் மேல பழி போடுற மாதிரி இருக்கு.”

“அதுக்குத்தான், கிராணி, போட்டேன். அத எடுத்துட்டா புண்ணு வானத்துலேருந்து விழுந்ததுன்னு ஆயிரும்.”

“அப்ப நான் உள்ள கொடுக்க மாட்டேன்.”

“வேணாம். நானே கொடுக்கிறேன்.”

கையெழுத்துக்காக அக்கா கடிதத்தை என் பக்கம் நீட்டினார். கூட்டத்தில் வாய் திறக்காத நான், எல்லோருக்கும் முன்னால் கையெழுத்துப் போட்டேன். அவர் கண்ணைப் பார்த்ததும் எனக்கு எப்படித் துணிச்சல் வந்தது என்று இன்றும் விளங்கவில்லை.

கடிதத்தை அக்காவே மேனேஜரிடம் கொடுத்தார். மறுநாள் கையுறை வரவில்லை. அக்காவோடு சேர்த்து நாங்கள் எட்டுப் பேரும், முதுகில் சுமக்கும் மருந்துத் தொட்டியைத் தூக்கவில்லை.