பென்சில் கோட்டுக்கு அடியில் ஒரு வீடு

தொண்ணூறுகளில் எனக்கு வாய்த்த வேலை இதுதான்: பழைய மண்ணியல் வரைபடங்களைப் பார்த்து, பூகம்பம் வந்தால் எந்தத் தரை அதிகம் ஆடும் என்று வண்ணம் தீட்ட வேண்டும். ஏரிக் களிமண்ணுக்குச் சிவப்பு, கெட்டித் தரைக்குப் பச்சை. ஓர் இடத்தில்கூடத் துளை போட்டு மண்ணை எடுத்துப் பார்த்ததில்லை. அதற்கு அனுமதி கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

வரைபடத்தில் திருநின்றவூர் வந்ததும் அக்காவின் வீட்டைத் தேடினேன். ஏரியோரம் மனை வாங்கி, அப்போதுதான் கட்டிக் குடிபோயிருந்தார்கள். சிவப்பும் பச்சையும் சந்திக்கும் கோட்டுக்கு அடியில் அந்த வீடு மறைந்துகிடந்தது. தாளில் அரை மில்லிமீட்டர் கோடு, தரையில் இருபத்தைந்து மீட்டர். பென்சிலை நன்றாகக் கூராக்கி மறுபடி வரைந்தேன். அப்போதும் வீடு வெளியே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அங்கே சாப்பிடும்போது அக்காவின் கணவரே பேச்சை எடுத்தார். "இன்னா மச்சான், நம்ம ஊடு எதுல கீது? சிவப்பா, பச்சையா?"

"கோட்டு மேல இருக்கு மாமா. மேப்ப வெச்சு அவ்ளோதான் சொல்ல முடியும்."

"இத்தினி வருசம் மண்ணப் படிச்சிட்டு இதான் சொல்றியா?" என்று சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அக்கா சிரிக்கவில்லை. ரசக் கரண்டியோடு நின்றபடி கூடத்தையும் படுக்கையறையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்தக் கோடு எந்த ரூம்ல போவுது, அத்தச் சொல்லு. பசங்கள பச்ச பக்கமா படுக்க வெச்சிக்கிறேன்."