வளைவுக்கு வளைவு நிற்கும் பாட்டு

என் மாமா காரவள்ளியிலிருந்து மலைக்கு ஏறும் சாலையில் பிக்கப் வண்டி ஓட்டுகிறவர். மரவள்ளிக் கிழங்கை அடிவாரத்தில் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பும்போது பாடுவார். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்காக அவரே கட்டிய பாட்டு. கொண்டை ஊசி வளைவுகளில் பாடிப் பாடியே பழகியதால் அதில் ஒரு வினோதம் சேர்ந்துவிட்டது. வளைவு வருகிற இடத்தில், வரி பாதியில் இருந்தாலும், பாட்டு நின்றுவிடும். ஹாரன் அடித்து, ஸ்டியரிங்கை ஒடித்து, எதிரே பஸ் இல்லை என்று பார்த்த பிறகுதான் மீதி வரும். வண்டியை விட்டு இறங்கிப் பாடினாலும் அதே இடங்களில் நிற்பார்.

போன வருடத் திருவிழாவில் கீழேயிருந்து வந்த இசைக்குழு அவருக்கு மைக் கொடுத்தது. அவர் நின்றார், ரிதம் நிற்கவில்லை. பாதியிலேயே மைக்கை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு வண்டியில்கூட அவர் பாடவில்லை.

மகளுக்குக் கல்யாணம் முடிவானதும் நான் அவர் முன்னால் போய் நின்றேன். "கல்யாணத்துல நீங்க பாடறீங்க மாமா. நான் கீபோர்டு வாசிக்கறேன்."

"போ கண்ணு. ஊரே ஒருக்கா சிரிச்சது பத்தாதா?"

"இந்தவாட்டி என்னையும் சேத்துச் சிரிக்கட்டுமுங்க. முழுப் பாட்டும் பாடி முடிக்கறீங்க."

வாக்குக் கொடுப்பதில் எனக்கு எப்போதும் அவசரம். கீபோர்டின் பின்பக்கம் மைக் செருக ஒரு துளை இருந்தது. என் தைரியமெல்லாம் அதுதான். ஒத்திகையில் மாமா மைக்கை உதட்டோடு ஒட்டிக்கொண்டு, இன்ஜினோடு போட்டி போடும் குரலில் ஆரம்பித்தார். ஸ்பீக்கர் கரகரவென்று அலறியது.

"மைக்க முழுங்கிடாதீங்க மாமா!"

உள்ளே அத்தை சிரித்தார். மைக் வால்யூமைப் பாதியாகக் குறைத்தேன். எக்கோ போட்டேன்; அவர் நின்ற இடத்திலெல்லாம் அவர் குரலே திரும்பி வந்து அவரைக் குழப்பியது. அணைத்தேன். கீபோர்டு தானாக அடிக்கும் ரிதத்தின் வேகத்தைக் குறைத்தேன். அப்போதும் அது முந்திக்கொண்டு ஓடியது. நிற்காமல் பாடிப் பார்த்தார், வரியே மறந்தது.

அன்றுதான் கீபோர்டோடு வந்த புத்தகத்தை முதல் முறையாக ஒழுங்காகப் படித்தேன். 'சிங்க் ஸ்டாப்' என்றொரு பொத்தான். இடது கை கட்டைகளை அழுத்தியிருக்கும் வரை ரிதம் ஓடும், கையை எடுத்தால் நிற்கும், திரும்ப வைத்தால் தொடங்கும். மூன்று வருடமாக என் விரல் படாத பொத்தான்!

"மாமா, இனி நீங்க டிரைவர், நான் கிளீனர். நீங்க நின்னா நானும் நிப்பேன்."

தாலி கட்டி முடிந்ததும் மேடையேறினோம். முதல் வரியிலேயே முதல் வளைவு. கையை எடுத்தேன். பந்தலே அமைதியானது.

"என்னப்பா, கரண்டு போயிருச்சா?" என்றது ஒரு குரல்.

"சும்மா இருங்க, வளைவுல போறாப்ல" என்றார் பின்வரிசையில் ஒரு லாரி டிரைவர். சிரிப்பு எழுந்தது. ஆனால் மாமாவும் சிரித்துக்கொண்டே மீதி வரியை எடுத்தார்; என் கை இறங்கியது, ரிதம் கூடவே வந்தது. அடுத்த வளைவில் டிரைவர்கள் வரிசை வாயாலேயே ஹாரன் அடித்தது. அதற்கடுத்ததில் பாதிப் பந்தல் அடித்தது.

கடைசி வரிக்கு முன்னால் மாமா நின்றார். அவருடைய எல்லா வளைவுகளும் எனக்கு மனப்பாடம். அங்கே வளைவு கிடையாது. மாலையோடு நின்ற மகளைப் பார்த்தபடி இருந்தார். ஹாரன் எழவில்லை. என் இடது கை அந்தரத்தில் காத்திருந்தது.

மகள் மைக் பக்கம் குனிந்தாள். "ரோடு காலியாத்தான் இருக்குதுங்கப்பா. வாங்க."

பாடினார். கையை வைத்தேன். பாட்டு ஊர் போய்ச் சேர்ந்தது.

மைக் செட்காரர் என்னிடம் வந்து, "ஏனுங்க, அந்த ரிதம் எப்படி ஆளுக்காக நிக்குது?" என்று கேட்டார். பொத்தானைக் காட்டினேன். கொஞ்சம் திமிராகவே காட்டினேன்.