நான் நிறுத்திய கல்யாணமும் நாலு வால் கொழுப்பும்

எங்கள் தெருக் கிரிக்கெட்டில் என் மகன்தான் அம்பயர். ஓடினால் மூச்சு வாங்கும், ஓடக் கூடாது என்பதால் கிடைத்த பதவி. ஆனால் யாரோ மனமிரங்கிக் கொடுத்ததாக அவன் நினைப்பதே இல்லை. எட்டு வயதில், மீசை முளைத்தவனை விரல் உயர்த்தி வெளியே அனுப்புகிற அதிகாரம் வேறு யாருக்கு இருக்கிறது? இருதயத் தசை பலவீனத்தோடு பிறந்தவன். இரண்டு வேளை மாத்திரை, மத்தியானம் கட்டாயத் தூக்கம், யாருக்காவது சளி என்றால் அந்தப் பக்கமே போகக் கூடாது. இத்தனைக்கும் நடுவில் சந்தோஷமாக இருக்கிறான். நாங்களும் பழகிவிட்டோம்.

பழகாமல் தவித்த காலத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். என் தங்கையின் கல்யாணத்தை நிறுத்தினேன்.

மாப்பிள்ளை முக்கூடல் அத்தையின் மகன். அத்தை அப்பாவுடன் பிறந்தவள். பையனுக்கும் தங்கைக்கும் சின்ன வயதிலிருந்தே பிடித்திருந்தது. நிச்சயத்துக்கு நாள் பார்ப்பது மட்டும்தான் பாக்கி. அந்தச் சமயத்தில்தான் என் மகனுக்கு, ஐந்து மாதக் குழந்தைக்கு, எக்கோ எடுத்துப் பார்த்து இருதயம் வீங்கியிருப்பதாகச் சொன்னார்கள். நான் கட்டியிருப்பதும் முறை மாப்பிள்ளைதான், அம்மாவின் அண்ணன் மகன். விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஒரே காரணத்தையும் கொண்டுவந்தார்கள். சொந்தத்தில் கட்டியதுதான் காரணமாம்.

எனக்கும் எதன் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்துகிறவள் என்பதால் வீட்டில் என் பேச்சுக்கு மதிப்பு அதிகம். நெருங்கிய உறவில் திருமணம் செய்வதன் கேடுகளை எல்லோரையும் உட்கார வைத்து வகுப்பு எடுப்பது போல அடுக்கினேன். "எம் பிள்ளைக்கு வந்தது போதும், இவ பிள்ளைக்கும் வர வேண்டாம்" என்று முடித்தேன். அப்பா அத்தைக்குப் போன் போட்டு, கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்போம் என்றார். தங்கை என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர். அவரைக் கட்டியதே தப்பு என்று நான் ஊருக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

மகனுடைய ரத்தமும் எங்கள் இருவர் ரத்தமும் வெளியூருக்குப் பரிசோதனைக்குப் போய், சில மாதங்கள் கழித்து ரிப்போர்ட் வந்தது. டாக்டரம்மா ஒரு வெள்ளைத் தாளில் மைட்டோகாண்ட்ரியா படம் போட்டார். செல்லுக்கு வேண்டிய ஆற்றலை ஆக்கித் தருவது அதுதான் என்று வருஷா வருஷம் நான் நடத்துகிற பாடம். உட்சவ்வின் மடிப்புகளைப் பலகையில் வளைத்து வளைத்து வரைந்து, "இது ஐந்து மார்க்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அந்தச் சவ்வுக்குள் கார்டியோலிப்பின் என்று நாலு வால் வைத்த ஒரு கொழுப்பு இருப்பதும், ஆற்றலை உண்டாக்கும் புரதங்கள் செங்கல்லுக்கு நடுவில் காரை பிடித்தது போல அதைப் பற்றிக்கொண்டுதான் நிற்கின்றன என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அந்த வால்களைச் சரியான வாகுக்குக் கொண்டுவர ஒரு புரதம் உண்டு. என் மகனுக்கு அதில்தான் கோளாறு. காரை சரியில்லை, அதனால் புரதங்களுக்குப் பிடிப்பில்லை. ஓய்வே இல்லாத இருதயம்தான் முதலில் களைக்கிறது.

"அந்தப் புரதத்துக்கான ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. பையனுக்கு அது அம்மா வழியா வரும். ஒங்க ரத்தத்துல இருக்கு, டீச்சர். நீங்க சொந்தத்தை விட்டு அசல்ல கட்டியிருந்தாலும் இது வந்திருக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

நிறக்குருடு தாயிடமிருந்து மகனுக்கு எப்படி வருகிறது என்று வருஷம் தவறாமல் கட்டம் போட்டுக் காட்டுகிறவள் நான். நோய் என் வீட்டுக்கு வந்தபோது அந்தக் கட்டம் நினைவுக்கே வரவில்லை. வெட்கத்தில் நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. வெளியே வந்து, "அத்தான், ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். "இருக்குன்னு நான் எப்பச் சொன்னேன்?" என்றார் அவர், வண்டியை எடுத்தபடி.

தங்கைக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவளும் ரத்தம் கொடுத்தாள். இருந்தது. ரிப்போர்ட்டை மடித்து என் கையில் கொடுத்து, "அத்தைகிட்ட நீயே போய்ச் சொல்லு. நிறுத்துனவ நீதான" என்றாள். நியாயம்தான்.

மகனையும் தூக்கிக்கொண்டு முக்கூடலுக்குப் பஸ் ஏறினேன். அத்தை வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். இது சொந்தத்தில் கட்டியதால் வந்ததல்ல, எங்கள் ரத்தத்தில் வருகிறது, தங்கைக்கும் இருக்கிறது, பிறக்கிற ஆண் பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி வரலாம், வயிற்றில் இருக்கும்போதே பரிசோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. கடைசியாக, "நீங்க வேற பொண்ணு பாத்தாலும் நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம் அத்தை" என்றேன்.

அத்தை பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒன் தங்கச்சி நேத்தே எம் மவன்கிட்ட போன்ல சொல்லிட்டா. அவன் எங்கிட்ட சொல்லிட்டான். நீ வந்து என்னத்தச் சொல்லுதன்னுதான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அத்தை ஒரு பூவின் நரம்பைக் கிள்ளிப் போட்டாள்.

"அசல்ல கட்டுனாலும் இது வரத்தான செய்யும்?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அங்கன போயி இதைச் சொன்னா எவன் கட்டுவான்? ஒளிச்சு வச்சுல்லா கட்டிக் குடுக்கணும். காலம் பூரா அவ பயந்துக்கிட்டே கெடக்கணும். இங்கன ஒளிக்க வேண்டாம்லா. ஒங்க அப்பாவ நாள் பாக்கச் சொல்லு."

பிறகு, என் மடியில் தூங்கிக்கொண்டிருந்த மகனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏட்டி, இவனுக்கு எந்த மருந்து எப்பக் குடுக்கணும், என்னெல்லாம் ஆகாதுன்னு ஒரு தாள்ல எழுதி வச்சுட்டுப் போ. நான் இப்பவே படிச்சு வச்சுக்கிடுதேன்."

பையிலிருந்து நோட்டை எடுத்து இரண்டு வரி எழுதுவதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை வாழைப்பூக் கறைக் கையால் முதுகில் தட்டினாள்.

"எழுத்து பெருசா இருக்கட்டும்" என்றாள். "எனக்குப் பொடி எழுத்து தெரியாது."