தண்ணீர் குடித்த திங்கட்கிழமை

சிறுவாணித் தண்ணீரைப் பற்றிப் பெருமை பேசாத கோயமுத்தூர்க்காரர் யாரையாவது நீங்கள் பார்த்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள். நானும் பேசுவேன். வெளியூர்ச் சொந்தக்காரர் யார் வந்தாலும் காப்பிக்கு முன்னால் ஒரு சொம்பு நீட்டி, குடித்து முடித்து ஒரு வார்த்தை பாராட்டும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அப்பேர்ப்பட்ட நான், வேலை நாட்களில் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை, பதினோரு வருடம் அந்தத் தண்ணீரை உதடு நனைக்கும் அளவுக்கு மேல் குடித்ததில்லை. காரணம் ஒரு சாவி.

எங்கள் ஊர்க் கணபதிப் பகுதியில் பம்பு மோட்டார் செய்யும் சின்னப் பட்டறை அது. முன்பக்கம் லேத் ஓட்டும் ஆண்கள். பின்பக்கம் செப்புக் கம்பியை மோட்டார் காயிலாகச் சுற்றும் பெண்கள் நான்கு பேர். எங்களுக்கென்று தனிக் கழிவறை உண்டு, டைல்ஸ்கூட ஒட்டியிருந்தது. ஆனால் எப்போதும் பூட்டியே இருக்கும். பெண்களின் பாதுகாப்புக்காகவாம். சாவி சூப்பர்வைசரின் மேசை டிராயரில் இருக்கும். தொலைந்துபோகக் கூடாது என்று அதைப் பழைய பம்பு ஒன்றின் பித்தளைச் சக்கரத்தோடு கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு லேத் வரிசையைத் தாண்டிப் போனால் மணி கட்டின மாடு போவதுபோல அத்தனை பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அந்தச் சாவியைக் கேட்காமலே காலம் தள்ள ஒவ்வொருத்தியும் ஒரு வழி வைத்திருந்தாள். என் பக்கத்தில் உட்காரும் அக்கா, பெரியநாயக்கன்பாளையம் பக்கம் ஒரு காலத்தில் தென்னந்தோப்பும் கிணறுமாக வாழ்ந்த குடும்பம். வேற்று ஆம்பளையிடம் போய் இதைக் கேட்பது குடும்ப மானத்துக்கு இழுக்கு என்பது அவர் கட்சி. எதிரே உட்காருபவர் கத்தோலிக்கர், நாங்கள் சர்ச் அக்கா என்போம். தவக்காலத்தில் தண்ணீரைக் குறைப்பதை ஒறுத்தல், சாமிக்காக ஆசையை அடக்குவது, என்பார். ஈஸ்டர் வந்து போனாலும் அவருடைய ஒறுத்தல் மட்டும் முடியாது. எனக்கு மானமும் இல்லை, ஒறுத்தலும் இல்லை. வெறும் பழக்கம்தான்.

பழக்கம் என்றால் சும்மா பழக்கமா? நான் அதில் வாத்தியார். புதிதாக வரும் பெண்ணுக்குக் கம்பி பிடிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே இதைத்தான் கற்றுக்கொடுப்பேன். காலையில் அரை டம்ளர் காப்பி, அதோடு சரி. மத்தியானம் மோர் கூடாது, தயிர்தான். தாகம் எடுத்தால் வாயில் ஒரு ஏலக்காய். கல்யாணமாகி வெள்ளகோவிலுக்குப் போன ஒரு பெண், "அக்கா சொன்னபடி செஞ்சா நாள் பூரா எந்திரிக்கவே வேண்டாமுங்க" என்று சொன்னபோது, பள்ளிக்கூடத்தில் கிடைக்காத பரிசு கிடைத்த மாதிரி மிதப்பாக இருந்தது.

அப்போதுதான் ஒடிசாவிலிருந்து ஒருத்தி வந்து சேர்ந்தாள். இருபத்திரண்டு வயது, தமிழ் பாதி, சிரிப்பு முழுசு. வழக்கப்படி அவளுக்கும் பாடம் எடுத்தேன். தண்ணீர் பாட்டிலைக் காட்டி, விரலை ஆட்டி, டிராயரைக் காட்டினேன். புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அக்கா, எங்க ஊர்ல டாய்லெட் இல்ல. இங்க டாய்லெட் இருக்கு, சாவி இல்ல. எது நல்லா?"

அவள் ஊரில் விடியுமுன் பெண்கள் கூட்டமாகக் கிளம்பி, ஊர்க்கதை பேசிக்கொண்டே வயல் பக்கம் போவார்களாம். பாம்புக்குப் பயம் உண்டு, ஆனால் எந்த ஆம்பளையிடமும் அனுமதி கேட்டதில்லையாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆனாலும் அக்கா சொன்னால் கேட்க வேண்டும் என்று, பாவம், நான் சொன்னபடியே செய்தாள்.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் அவள் உட்கார்ந்த இடத்திலேயே சரிந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. ஆட்டோவில் போட்டு டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். சிறுநீரில் கிருமி, இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் கிட்னிக்குப் போயிருக்கும் என்று அவர் சத்தம் போட்டார்.

"தண்ணி குடிக்காம இருக்கச் சொன்னது யாரும்மா?"

அவள் வஞ்சகமே இல்லாமல், சொந்தக்காரியை அறிமுகம் செய்வது மாதிரி என்னைக் கை காட்டினாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. டாக்டரம்மா என்னைப் பார்த்துக்கொண்டே சீட்டில் எழுதினார்: தினம் மூன்று லிட்டர் தண்ணீர்.

சீட்டைச் சூப்பர்வைசரிடம் காட்டினேன். எங்கள் ஊரில் ஒருத்தியை வேலையை விட்டு நிறுத்தும்போதுகூட மரியாதை குறையாது.

"உடம்புதானுங்க முக்கியம் அம்மணி. அந்தப் புள்ளைய ஊட்டுல இருந்து நல்லாப் பாத்துக்கச் சொல்லுங்க. மூணு லிட்டர் குடிச்சுப்போட்டு நடந்துட்டே இருந்தா வேலை ஆகுங்களா? திங்கக்கெழமையோட வேற ஆளு போட்டுக்கறனுங்க."

வேலை போனால் அவள் ஊருக்கு ரயில் ஏற வேண்டியதுதான். அதுவும் நான் சொல்லிக்கொடுத்த பாடத்தால். ஞாயிறு பூராவும் எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் மற்ற இருவருக்கும் போன் போட்டேன். உண்ணாவிரதம் இருக்கலாமா என்றார் சர்ச் அக்கா. நாம் இருக்காத விரதமா, அதை யார் கண்டுகொள்வார் என்றேன். அப்போதுதான் மண்டையில் பொறி தட்டியது.

திங்கட்கிழமை, காய்ச்சல் இறங்கியிருந்த ஒடிசாக்காரியையும் கூட்டிக்கொண்டு, நாலு பேரும் ஆளுக்கு மூன்று லிட்டரோடு போனோம். எட்டு மணிக்குக் குடிக்க ஆரம்பித்தோம். எட்டரைக்கு நான் போய் நின்றேன்.

"ஏனுங்க, சாவிங்க."

அவர் கையில் கிரீஸ். வேஸ்ட் துணியில் துடைத்து, டிராயரைத் திறந்து கொடுத்தார். நான் திரும்பக் கொடுத்து, அவர் டிராயரைப் பூட்டி, மறுபடி கிரீஸில் கை வைத்ததும் சர்ச் அக்கா போய் நின்றார். அவருக்குப் பின்னால் ஒடிசாக்காரி. "சாவிங்கோ!" என்று அவள் போட்ட போட்டில் ஒரு லேத் நின்றேவிட்டது. தென்னந்தோப்பு அக்கா மட்டும் முந்தானையைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தார். மானம் ஒரு பக்கம், ஒன்றரை லிட்டர் ஒரு பக்கம். கடைசியில் தண்ணீர் ஜெயித்தது. எந்த ஆம்பளையிடமும் ஏறிட்டுப் பேசாத அந்த அக்கா பாதி வழியிலேயே கத்தினார்:

"தம்பீ, சீக்கிரம் எடுங்க, அவசரமுங்க!"

பட்டறையே சிரித்தது. நாங்கள் சிரித்த சிரிப்பில் வேறொரு ஆபத்து வேறு. அதற்கும் சாவி வேண்டியிருந்தது. வயிற்றில் தண்ணீர் குலுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. பதினோரு மணிக்குள் பித்தளைச் சக்கரம் எத்தனை தடவை போய்வந்தது என்று யாருக்கும் கணக்கில்லை. சூப்பர்வைசர் ஒரு வேலையைக்கூட முடிக்கவில்லை. கோபம் வரவர அவர் வாயில் 'ங்க' அதிகமானது.

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். டிராயர் முன்னால் ரேஷன் கடை மாதிரி வரிசை. என்ன விஷயம் என்று கேட்டார். ஒடிசாக்காரி டாக்டர் சீட்டை நீட்டினாள். படித்துவிட்டு முதலாளி சூப்பர்வைசரைப் பார்த்தார்.

"ஏனய்யா, இந்தச் சாவிய எதுக்கு நீ வெச்சுட்டிருக்கற?"

"நீங்கதானுங்க சொன்னீங்க."

முதலாளிக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை. விட்டத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பூட்டைக் கழற்றிப் போடச் சொன்னார். உள்பக்கத் தாழ்ப்பாள் போதும். அந்தப் பெண்ணுக்கும் வேலை போகவில்லை. நாங்கள் கைதட்டக்கூட நேரமில்லாமல் மறுபடி வரிசையில் நின்றோம். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது தென்னந்தோப்பு அக்கா பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தி இறங்கி, பெட்ரோல் பங்க்கில் இருந்த ஆளிடம், "பாத்ரூம் எங்கீங்க?" என்று சத்தமாகக் கேட்டாராம். போனில் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பில் மூச்சு வாங்கியது.

அந்தச் சந்தோஷம் அடங்காமல் நானும் யாரிடமாவது பீற்றிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. வெள்ளகோவில் பெண்ணின் ஞாபகம் வந்தது. அங்கே ஒரு நூல் மில்லில் வேலைக்குப் போகிறாள். போனை எடுத்ததும், "ஏனுங் கண்ணு, தண்ணி குடிச்சயா?" என்றேன். அக்காவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று சிரித்தாள். நான் கதை முழுவதையும் சொன்னேன். அவளும் சிரித்துச் சிரித்துக் கேட்டாள். உங்கள் மில்லில் எப்படி என்று கேட்டேன்.

"இங்க பூட்டெல்லாம் இல்லீங்க்கா. தொறந்துதான் கெடக்குது."

"அப்பறம் தண்ணி குடிக்கறதுதான?"

"இல்லீங்க்கா, குடிக்கறதில்ல. நீங்கதானுங்க சொன்னீங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவிலுக்குப் பஸ் ஏறினேன். பையில் மூன்று லிட்டர் சிறுவாணித் தண்ணீர் வைத்திருந்தேன். முதல் டம்ளரை அவள் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.